பூஜ்யம் சொன்னது யார்?

2019 பிப்ரவரியில் ஃபோர்டு நிறுவனம் வட அமெரிக்கச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்த சுமார் 14.8 லட்சம் எஃப்-150 பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2011 முதல் 2013 வரையிலான மாடல்கள், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். ஓட்டுபவர் லீவரைத் தொட்டிருக்க மாட்டார். வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸ் தானாக முதல் கியருக்கு இறங்கிவிடும். பின்சக்கரங்கள் வழுக்கலாம், வண்டி கைமீறிப் போகலாம். இதே குறைக்காக 2016-லேயே ஏறத்தாழ 2 லட்சம் வண்டிகள் அழைக்கப்பட்டிருந்தன. 2024 ஜூனில் 2014 மாடலின் முறை வந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 5.5 லட்சம் வண்டிகள்.

இந்த வண்டிகளில் எஞ்சினில் கோளாறு இல்லை. கியரில் பல் உடையவில்லை. கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களை நோக்கிப் போகும் அவுட்புட் ஷாஃப்ட் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரின் சிக்னல் சில கணங்களுக்கு அறுந்துபோனது. அவ்வளவுதான்.

சிக்னல் இல்லை என்றால் கம்ப்யூட்டரின் கணக்கில் வேகம் பூஜ்யம். வேகம் பூஜ்யம் என்றால் வண்டி நிற்கிறது. நிற்கும் வண்டி முதல் கியரில்தானே இருக்க வேண்டும்? கம்ப்யூட்டர் போட்ட கணக்கில் தப்பில்லை. அதற்குக் கிடைத்த தகவல்தான் தப்பு. அந்த கியர்பாக்ஸின் ஆறாவது கியர் விகிதம் 0.69, முதல் கியர் 4.17. அவுட்புட் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆறாவது கியரில் எஞ்சின் பக்கமிருந்து சுழலும் இன்புட் ஷாஃப்ட் 1,380 சுற்று சுற்றினால் போதும். அதே வேகத்தில் முதல் கியர் விழுந்தால் 8,340 தேவைப்படும். அந்த வண்டிக்குப் போட்ட எந்த எஞ்சினும் அவ்வளவு வேகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

2019-ல் ஃபோர்டு அறிவித்த தீர்வு, கம்ப்யூட்டரின் மென்பொருளைத் திருத்துவது. யோசித்துப் பார்த்தால் அது மிகச் சரியான இடம். பூஜ்யம் என்று சொன்னது ஷாஃப்ட்டா, இல்லை ஷாஃப்ட்டிலிருந்து வரும் வயரா என்ற கேள்வியை கம்ப்யூட்டர் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் ஆட்டோமேட்டிக் வண்டிகள் வந்து நிற்கும்போது மெக்கானிக் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவேதான். பல இடங்களில் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. கேட்காமல் விடுவதற்கான பணத்தை வண்டிக்காரர் கட்டுகிறார்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களோடு சந்தைக்கு வந்த ஹைட்ரா-மேட்டிக், பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதில் வயர் வழியாக வேகத்தைச் சொல்லும் ஏற்பாடு கிடையாது. அவுட்புட் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் கவர்னர் என்ற சிறு உறுப்பு இருந்தது. வேகம் கூடக்கூட அதன் எடைகள் வெளிப்பக்கம் விரியும், ஆயில் அழுத்தம் கூடும், அந்த அழுத்தமே வால்வைத் தள்ளி அடுத்த கியரைப் போடும். ஸ்பீடோமீட்டரும் அப்படித்தான். ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பில், சுழலும் காந்தம் ஒன்று உலோகக் கிண்ணத்தை இழுத்து முள்ளைத் திருப்பும். காந்தத்தைச் சுழற்றியது கேபிள். அம்பாசிடர், பத்மினி ஓட்டியவர்களுக்கு அந்தக் கேபிளைத் தெரியும். கியர்பாக்ஸில் ஒரு முனை, டேஷ்போர்டில் மறுமுனை. முள் துடித்தால் கேபிளைக் கழற்றி கிரீஸ் தடவுவார்கள். அறுந்தால் புதுக் கேபிள் போடுவார்கள். கோளாறைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது.

இன்று அந்த இரண்டு வேலையையும் விரல் நீளமுள்ள சென்சார்கள் செய்கின்றன. டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று இன்புட் ஷாஃப்ட்டைப் பார்க்கிறது, மற்றது அவுட்புட் ஷாஃப்ட்டை. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் இன்புட் ஷாஃப்ட்டே இரண்டு என்பதால் எண்ணிக்கை கூடும். இன்புட் எண்ணை அவுட்புட் எண்ணால் வகுத்தால் கியர் விகிதம் வந்துவிடும். வர வேண்டிய விகிதம் வரவில்லை என்றால் உள்ளே எங்கோ கிளட்ச் நழுவுகிறது, அல்லது இரண்டு சென்சார்களில் ஒன்று பொய் சொல்கிறது.

சென்சாரிலேயே இரண்டு சாதி உண்டு. பழைய வகையில் காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும் மட்டுமே, வயர் இரண்டு. ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலும் சக்கரத்தின் பற்கள் முன்னால் போகப்போக அது தானே சிறு ஏசி மின்சாரத்தை உண்டாக்கும். பற்கள் வேகமாகப் போனால் வோல்டேஜ் கூடும், மெதுவாகப் போனால் குறையும். அடுத்தது ஹால் எஃபெக்ட் வகை. 1879-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவின் மேல் நிற்கிறது அது. வழக்கமாக மூன்று வயர்: சப்ளை, எர்த், சிக்னல். வேகம் எவ்வளவு குறைந்தாலும் இதன் சிக்னல் ஒரே உயரத்தில், சதுர வடிவில் வரும். இந்த வித்தியாசம் ஏட்டறிவு மட்டுமல்ல. இரண்டு வயர் சென்சார் உள்ள வண்டியில் வேகமாகப் போகும்போது மீட்டர் சரியாகக் காட்டி, மெதுவாகப் போகும்போது மட்டும் விழுந்தால், சென்சாருக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கிறது அல்லது சுருள் பலவீனமாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றும் முன்பே பாதி வழி வந்தாகிவிட்டது.

வண்டிக்காரருக்கு இதெல்லாம் தெரிவதில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ‘ஜெர்க் அடிக்குது’ என்பார். ‘மூணாவது கியர்லயே நிக்குது, பிக்கப்பே இல்ல’ என்பார். சில வண்டிகளில் மீட்டர் முள் ஓட்டத்தின் நடுவே பூஜ்யத்துக்கு விழுந்து எழும். குரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாது. ஹோண்டாவில் ‘டி’ விளக்கு கண் சிமிட்டும், டொயோட்டாவின் பல மாடல்களில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு. ஒரே கியரில் நிற்பது கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு. வீடுவரை போய்ச் சேர அது போதும். அந்த நிலையிலேயே வாரக்கணக்கில் ஓட்டினால் கிளட்சுகளும் ஆயிலும் சூடாகி, வயரில் தொடங்கிய கோளாறு கியர்பாக்ஸுக்குள் போய்விடும்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் செருகப்படுகிறது. திரையில் பி0720 என்று வருகிறது. அடுத்த நிமிடமே தீர்ப்பு: ‘அவுட்புட் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்.’

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1996 மாடல் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்கு, வண்டி தன் கோளாறைத் தானே கண்டு பதிவு செய்யும் ஓபிடி-2 ஏற்பாடு கட்டாயமானது. 16 பின் சாக்கெட்டும் பொதுவான எரர் கோடுகளும் அதோடு வந்தன. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2010-ல் ஓபிடியின் முதல் கட்டமும் 2013-ல் இரண்டாம் கட்டமும் அமலுக்கு வந்தன. அந்தக் கோடுகளின் மொழியில் பி0715 என்றால் இன்புட் ஸ்பீடு சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு, பி0720 என்றால் அவுட்புட் ஸ்பீடு சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு. 17-லும் 22-லும் முடிந்தால் சிக்னலே இல்லை; 16, 21 என்றால் சிக்னல் வருகிறது ஆனால் நம்பும்படி இல்லை; 18, 23 என்றால் விட்டுவிட்டு வருகிறது. எந்தக் கோடும் சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. சர்க்யூட் என்றால் சென்சார், அதன் கப்ளர், அங்கிருந்து போகும் வயர்கள், நடுவில் வரும் இணைப்புகள், எர்த், சப்ளை, கடைசியில் கம்ப்யூட்டரின் உள்பகுதி எல்லாம் சேர்ந்தது. இவற்றில் ஒன்றுதான் சென்சார்.

புதுச் சென்சார் போட்டும் கோட் திரும்பி வந்தால் ‘டூப்ளிகேட் மாட்டிட்டோம், ஒரிஜினல் போடலாம்’ என்பார்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரின் மேல் பழி விழும். சென்சாரை ஜிபி ரோட்டில் புதிதாக வாங்கலாம், கம்ப்யூட்டரைப் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றி எடுக்கலாம் என்று சென்னையில் எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. ஆனால் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை, மாட்டப்போகும் வண்டிக்கு ஏற்ப புரோகிராம் செய்யாமல் மாட்ட முடியாது. சில ஆயிரத்தில் தொடங்கிய செலவு பல பத்தாயிரத்தைத் தொடும்போது, கப்ளருக்குள் பச்சைக் களிம்பு பிடித்த ஒரு பின் அப்படியே இருக்கும்.

திறமையான மெக்கானிக்கின் வேலை பேச்சில் தொடங்குகிறது. எப்போதிருந்து இப்படி? மழையில் ஓட்டிய பிறகா, எஞ்சின் வாட்டர் வாஷ் செய்த பிறகா? வண்டி சூடான பிறகு மட்டும் வருகிறதா? சமீபத்தில் கியர்பாக்ஸை இறக்கினார்களா, ஸ்டார்ட்டர் மாற்றினார்களா? கியர்பாக்ஸை ஏற்றும்போது வயரிங்கை கிளிப்பில் மாட்ட மறந்தால் அது புகைக்குழாயில் உரசி உருகிவிடும். பழைய பில்லைப் பார்த்தாலே கோளாறின் இடம் தெரிந்துவிடும் வண்டிகள் உண்டு.

அடுத்தது ஸ்கேன். எஞ்சினை மட்டுமல்ல, எல்லா கம்ப்யூட்டர்களையும் படிக்க வேண்டும். ஆன்லைனில் விற்கும் மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பலவும் எஞ்சின் கோடுகளோடு நின்றுவிடும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் உதவி கேட்கிறது என்பதைச் சொல்லும் பி0700 மட்டும் தெரியும், உள்ளே என்ன என்பது தெரியாது. கோடுகள் கூட்டமாக வந்தால் அந்தக் கூட்டமே ஒரு தடயம். இன்புட், அவுட்புட் இரண்டும் ஒரே நேரத்தில் சிக்னல் இழந்தால், இரண்டு சென்சார்கள் ஒரே நாளில் செத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டுக்கும் பொதுவான வயரைத் தேட வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் கிரைஸ்லரின் ஏ604. 1989 மாடல் ஆண்டில் வந்த இந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் கியர் மாற்றங்கள் முழுக்க எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் நடந்தன. கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்தால் வண்டி இரண்டாவது கியரில் நின்றுவிடும். இன்புட், அவுட்புட் சென்சார்கள் இரண்டும் இரண்டு வயர் வகை. திரும்பி வரும் எர்த் வயர் இரண்டுக்கும் பொது. அந்த ஒரு வயர் போனால் இரண்டு கோடும் வரும். இன்னொரு சிக்கலும் அதில் இருந்தது. தனக்கென்று வகுத்த ஆயிலைத்தான் அது ஏற்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் ஊற்றிய டெக்ஸ்ரானை ஊற்றினால் கிளட்ச் நடுங்கும். கியர்பாக்ஸ் நழுவினாலும் விகிதக் கணக்கு தப்பும், சென்சார் பொய் சொன்னாலும் தப்பும். வெளியிலிருந்து சில நிமிடங்களில் கழற்றி மாட்டக்கூடியது சென்சார் என்பதால் முதலில் பலியானது அதுதான்.

இனி வருவது ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத சோதனை. டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு இது பொருந்தும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஸ்கேனரில் இன்புட் ஸ்பீடு, அவுட்புட் ஸ்பீடு, எஞ்சின் சுற்று மூன்றையும் திரையில் வைக்க வேண்டும். பிரேக்கை நன்றாக மிதித்து டி-யில் போட்டால் சக்கரம் நிற்கிறது, கியர் விழுந்திருக்கிறது. எனவே இன்புட் ஷாஃப்ட்டும் நின்றாக வேண்டும். திரையில் பூஜ்யம் வரும். பிரேக்கை விடாமல் நியூட்ரலுக்கு மாற்றினால் அந்த எண் எழுந்து எஞ்சின் சுற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். எழவில்லை என்றால் இன்புட் பக்கத்தின் சர்க்யூட்டில் வேலை இருக்கிறது. அவுட்புட் பக்கத்துக்கு வண்டியை உருட்ட வேண்டும். இன்றைய கார்களில் ஏபிஎஸ் சென்சார்கள் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நான்கு சக்கரமும் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று சொல்ல, அவுட்புட் மட்டும் பூஜ்யம் என்றால் யாருடைய வார்த்தையை நம்புவது? ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் இரண்டாவது சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதுதான் இந்தத் தொழிலின் உயிர்.

இரண்டாவது சாட்சி சர்க்யூட்டைத்தான் காட்டுகிறது என்று உறுதியான பிறகே கை கப்ளருக்குப் போக வேண்டும்.

கப்ளரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பதில் கிடைப்பது ஏராளம். ரப்பர் சீல் இருக்கிறதா? பின்கள் பளிச்சென்று இருக்கின்றனவா, பச்சை ஏறியிருக்கிறதா? ஒரு பின் மட்டும் உள்ளே தள்ளிப்போயிருக்கிறதா? வயர் கப்ளருக்குள் நுழையும் இடத்தில் இறுக்கி வளைக்கப்பட்டிருக்கிறதா? உள்ளே ஆயில் இருந்தால் கதை வேறு. மெர்சிடிஸ் 1996-லிருந்து பயன்படுத்திய 722.6 என்ற ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கில் 13 பின் கொண்ட கனெக்டர் ஒன்று கியர்பாக்ஸின் உடலுக்குள் நுழைகிறது. அதன் ஓ-ரிங் தளர்ந்தால் ஆயில் கனெக்டருக்குள் கசிந்து, வயரின் உள்ளிழைகள் வழியாகவே மெதுவாக மேலேறி, கம்ப்யூட்டரின் சாக்கெட் வரை போய்விடும். அந்த வண்டியில் வேக சென்சார்கள் கியர்பாக்ஸுக்குள்ளே ஒரு பிளேட்டில் பதிந்திருக்கின்றன. மெக்கானிக் கீழே சென்சார் பிளேட்டை மாற்றுகிறார், மேலே கம்ப்யூட்டர் சாக்கெட்டில் ஆயில் தேங்கியே கிடக்கிறது. கனெக்டர் கசிந்தால் கம்ப்யூட்டர் பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும் என்பதை அந்த கியர்பாக்ஸ் உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குக் கற்றுக்கொடுத்தது.

சென்னையில் இந்தக் கட்டத்துக்குத் தனி முக்கியத்துவம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்திலும் மூழ்கி எழுந்த கார்கள் ஏராளம். சீட்டைக் காயவைத்து, ஆயில் மாற்றி, பாலிஷ் போட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. ஆனால் கப்ளருக்குள் போன சேற்றுத் தண்ணீர் செம்பை மெதுவாக அரித்துக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்துத்தான் முதல் எரர் கோட் வரும். அதற்குள் வண்டி கை மாறியிருக்கவும் கூடும். செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாங்குபவர்கள் கியர்பாக்ஸ் கப்ளர் ஒன்றையாவது கழற்றிப் பார்க்கச் சொல்வது வீண் பயம் அல்ல. எலிகளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாள்கணக்கில் நிறுத்திய வண்டியின் பானட்டுக்குள் அவை புகுந்து கடிக்கும் வயர்களில் சென்சார் வயரும் ஒன்றாக இருக்கலாம்.

பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தால் மல்டிமீட்டர். ஹால் வகை என்றால் கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, ஹார்னஸ் பக்கத்தில் மூன்று வயர்களையும் அளக்க வேண்டும். சப்ளையில் அந்த வண்டிக்குரிய வோல்டேஜ் வருகிறதா, எர்த் உண்மையிலேயே எர்த்தா, சிக்னல் வயரில் கம்ப்யூட்டர் அனுப்பும் வோல்டேஜ் நிற்கிறதா? மூன்றும் சரி என்றால் வயரிங் பெரும்பாலும் நல்லது. கம்ப்யூட்டரே வோல்டேஜ் அனுப்பும் வகை வண்டிகளில், சிக்னல் வயரை மட்டும் எர்த்தில் தட்டித் தட்டி எடுத்தால் ஸ்கேனரில் வேகம் துள்ளுவதைப் பார்க்கலாம். துள்ளினால் வயரும் கம்ப்யூட்டரும் உயிரோடு இருக்கின்றன, சந்தேகம் சென்சார் பக்கம் வந்துவிட்டது. வயரிங் படத்தைப் பார்த்து எது சிக்னல் என்று உறுதி செய்யாமல் இதைச் செய்யக் கூடாது. சப்ளையை எர்த்தில் தொட்டால் புதுக் கோளாறு பிறக்கும்.

இரண்டு வயர் சென்சாருக்கு சுருளின் ஓம் அளவைப் பார்க்கலாம். நிறுவனம் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும். அத்தோடு நிறுத்தினால் போதாது. குளிரில் சரியாக இருந்து ஆயில் சூடேறியதும் அறுந்துபோகும் சுருள்கள் உண்டு. ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்கி மறுபடி அளக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, வேகத்தோடு வோல்டேஜ் ஏறுகிறதா என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது. சென்சாரைக் கழற்றினால் அதன் முனையைத் துடைக்கும் முன் பார்க்க வேண்டும். காந்த முனையில் மெல்லிய கருஞ்சாந்து போல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் இரும்புத் துகள்கள் ஒட்டியிருந்தால் சிக்னல் கெட்ட காரணமும் அதுதான், கியர்பாக்ஸுக்குள் ஏதோ உடைகிறது என்ற செய்தியும் அதுதான். அந்த வண்டிக்குப் புதுச் சென்சார் போட்டு அனுப்புவது வண்டிக்காரரை ஏமாற்றுவதற்குச் சமம்.

இந்த வேலையில் பல ஒர்க்‌ஷாப்களில் நடக்கும் இரண்டு பழக்கங்களை விட்டே ஆக வேண்டும். ஒன்று, குண்டூசியால் வயரைக் குத்தி வோல்டேஜ் பார்ப்பது. குத்திய துளை வழியாக ஈரம் உள்ளே போய், இன்சுலேஷன் முழுசாகத் தெரியும்போதே உள்ளே செம்பு பச்சையாகிப் பொடிந்துவிடும். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய புரோபை நுழைத்து அளப்பதே முறை. இன்னொன்று, பழைய பல்ப் டெஸ்டரைக் கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கும் வயரில் வைப்பது. பல்ப் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்க அந்தச் சர்க்யூட் செய்யப்படவில்லை. வயர் மட்டும் நல்லதா என்று பார்க்க இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை அதன் வழியாக எரியவைக்கலாம். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரை மீட்டரின் பீப் சத்தம் நல்ல வயர் என்றே சொல்லும். பல்ப் மங்கி உண்மையைக் காட்டிவிடும்.

விட்டுவிட்டு வரும் கோளாறுதான் கடினமானது. எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரின் கிராஃபைப் பார்த்தபடி வயரிங்கை ஒவ்வோர் இடமாக மெல்ல ஆட்டிப் பார்ப்பது பழைய வழி, இன்றும் நல்ல வழி. ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவு. நல்ல சென்சாரின் அலை ஒரே சீராக ஓடும். பல் ஒன்று உடைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒரு குழி விழும். வயர் லூஸ் என்றால் ஒழுங்கில்லாமல் அறுபடும். நடுவே முட்கள் போல இரைச்சல் தெரிந்தால் வயர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

இரைச்சலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுது பார்த்தவரே உண்டாக்கும் கோளாறு இது. இரண்டு வயர் சென்சாரின் வயர்கள் பல வண்டிகளில் ஒன்றோடொன்று முறுக்கி இழுக்கப்பட்டிருக்கும். அழகுக்காக அல்ல. பக்கத்தில் போகும் ஆல்டர்னேட்டர், இக்னிஷன் வயர்களிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, கம்ப்யூட்டரில் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதற்காக. எலி கடித்த இடத்தில் ஒன்றரை அடி சாதா வயரைச் சேர்த்து டேப் சுற்றினால் கன்டின்யூட்டி கச்சிதமாக இருக்கும். ஆனால் வண்டி நிற்கும்போதே சில கிலோமீட்டர் வேகம் தெரியும், பி0721 வரும். முறுக்கு இருந்த இடத்தில் முறுக்கு, ஷீல்டு இருந்த இடத்தில் ஷீல்டு. வேறு வழியில்லை.

இத்தனையையும் செய்ய ஒரு மெக்கானிக்குக்குத் தேவை நல்ல மல்டிமீட்டர், கியர்பாக்ஸையும் படிக்கும் ஸ்கேனர், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வண்டியின் வயரிங் படம். எந்தப் பின்னில் எந்த வயர், எந்த நிறம், எவ்வளவு வோல்ட் என்ற தாள் இல்லாமல் மூளைக்காரரும் ஊகித்துத்தான் வேலை செய்ய முடியும். ஊகித்தால் பார்ட் மாற்றுவதில்தான் முடியும். அந்தத் தாள் கிடைக்காததில் சிறு ஒர்க்‌ஷாப்களின் தவறு எதுவும் இல்லை.

இது நீதிமன்ற அளவில் வாதாடப்பட்ட விஷயம். ஸ்பேர் பார்ட், பழுது பார்க்கும் கையேடு, ஸ்கேனர் போன்ற கருவிகள் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்காமல் செய்யப்படுகின்றன என்ற புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே கார்களுக்கான பழுது நீக்கும் உரிமையை மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. வாகனத் துறையும் அதன் வரம்பில் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் சேவை எண்ணும் இலவச சர்வீஸ் விவரமும் சிறு மெக்கானிக்குக்குப் பயன்படாது. கியர்பாக்ஸ் கப்ளரின் பின் விவரம் பயன்படும். அது எளிதில் கிடைக்கும் நாள்வரை இந்த உரிமை பாதியளவே நிறைவேறியதாக இருக்கும்.

2014-ல் மாருதி செலரியோவோடு, சாதா கியர்பாக்ஸின் கிளட்ச்சையும் கியரையும் தானாக இயக்கும் ஏஎம்டி வந்த பிறகு சிறு கார்களிலும் ஆட்டோமேட்டிக் சகஜமாகிவிட்டது. அந்தக் கார்கள் இப்போது வாரண்டி தாண்டி, இரண்டாவது மூன்றாவது கை மாறி, திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் தெருமுனை ஒர்க்‌ஷாப்களில் வந்து நிற்கின்றன. ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் மாணவருக்கு கிளட்ச் பிளேட் மாற்றும் பயிற்சி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம், ஓடும் எஞ்சினில் சென்சார் அலையைப் படிக்கும் பயிற்சி.

வண்டிக்காரர் செய்யக்கூடியதும் உண்டு. பார்ட் மாற்றலாம் என்று சொன்னால், எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்கலாம். சப்ளை எவ்வளவு வந்தது, கப்ளர் எப்படி இருந்தது, ஏபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டார்களா? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், மீட்டரைத் திருப்பிக் காட்டுவார். கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அளந்து பார்ப்பதற்கென்று தனியாகக் கட்டணம் கேட்டால் அதையும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். பார்ட் விற்றால்தான் வருமானம் என்ற நிலை இருக்கும்வரை பார்ட்தான் மாற்றப்படும்.

வேலை முடிந்ததும் எரர் கோடுகளை அழித்துவிட்டுச் சாவியைக் கொடுப்பது முடிவல்ல. ஆயில் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். எல்லாக் கியரும் ஏறி இறங்கும்படி, மெதுவாகவும் வேகமாகவும், ஸ்கேனர் பதிவு செய்தபடியே. இன்புட்டை அவுட்புட்டால் வகுத்து வரும் எண் ஒவ்வொரு கியரிலும் அந்த கியரின் விகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் தன் பழைய பழக்கங்களை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்ள அடாப்டேஷன் ரீசெட்டும் தேவைப்படும். மழையில் மட்டும் வந்த கோளாறு என்றால், அடுத்த மழைக்குப் பிறகு வண்டியை ஒருமுறை கொண்டுவரச் சொல்லி, கப்ளரைத் திறந்து பார்த்து, அதற்குத் தனியாகக் காசு வாங்காமல் அனுப்பும் ஒர்க்‌ஷாப்கள் நம் ஊரில் இருக்கின்றன.